நங்கூரம் பாய்ச்சும் இடம்: பாறைத் தீவுகளுக்குள் படகில் தங்குவது எப்படி

முப்பதடி நீளமுள்ள ஒரு பாய்ப்படகு நான்கைந்து தொன் எடை இருக்கும். அதை இரவு முழுவதும் ஓரிடத்தில் பிடித்து வைத்திருக்கிற நங்கூரமோ பத்துக் கிலோ அளவுதான். கடையில் வாங்கும் அரிசி மூட்டையின் எடை. முதன்முதலாக அதைக் கையில் தூக்கிப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. இந்தச் சின்ன இரும்பு அவ்வளவு பெரிய படகை எப்படித் தாங்கும்?

நங்கூரம் எடையால் தாங்குவதில்லை. மண்ணுக்குள் புதைந்து தாங்குகிறது. மண் இல்லாத இடத்தில் அது பத்துக் கிலோ இரும்பு மட்டுமே. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், பாறைத் தீவுகளுக்கிடையில் படகில் போய்த் தங்குவது பற்றிய மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கும். நங்கூரம் பாய்ச்சுவது என்றால் இரும்பைத் தண்ணீரில் போடுவது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த வேலையின் முக்கால் பங்கு, அதைப் போடும் இடத்தைத் தேடுவதில் இருக்கிறது.

நான் சொல்லப்போகும் இடம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஹூரன் ஏரியின் கிழக்குப் பக்கத்தில் ஒரு தனிக் கை போல விரிந்து கிடக்கும் ஜோர்ஜியன் வளைகுடா. வளைகுடா என்ற பெயரைக் கேட்டுச் சிறியது என்று எண்ண வேண்டாம். ஏறத்தாழ 15,000 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவின் பரப்பில் கால்வாசிக்குச் சற்றுத்தான் குறைவு. 1615இல் பிரெஞ்சுக்காரரான சாம்ப்ளேன் இந்தக் கரைக்கு வந்து, கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீரைப் பார்த்து, அள்ளிக் குடித்தால் உப்பில்லாததைக் கண்டு, இதை ‘இனிய கடல்’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரால் அழைத்தார். அவருக்கு முன்பே பல்லாயிரம் ஆண்டுகளாக இங்கு வாழும் ஆதிக்குடிகளில் அனிஷினாபே மக்கள் இதை ‘மினிடூ கமி’ என்கிறார்கள். ஆவியின் பெருநீர் என்று பொருள்.

இந்த வளைகுடாவின் கிழக்குக் கரையோரம் முழுவதும் தீவுகள். முப்பதாயிரம் தீவுகள் என்றே அந்தப் பகுதிக்குப் பெயர். உலகின் மிகப்பெரிய நன்னீர்த் தீவுக்கூட்டம் இதுதான். சிலவற்றில் காடும் குன்றும் உண்டு. சிலவற்றில் ஒற்றைப் பைன் மரம் நிற்கும். இன்னும் சில, ஒரு யானை படுத்திருக்கும் அளவுப் பாறைகள். ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேரம் வாகனம் ஓட்டினால் தென்முனைக்குப் போய்விடலாம். வடக்கே போகப் போக வீடுகள் குறையும். பிங் இன்லெட் தாண்டிப் பிரெஞ்சு ஆற்று முகத்துவாரத்துக்கும் பஸ்டர்ட் தீவுகளுக்கும் போனால், பல இடங்களுக்கு வீதியே கிடையாது. வள்ளத்தில் வந்தவர்களுக்கு மட்டுமே உரிய இடங்கள் அவை.

பாறையின் கதை

இந்தப் பாறைகளின் வயது நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல். கருங்கல்லும், வரிவரியாக இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த, நைஸ் என்ற வகைப் பாறையும். ஒரு காலத்தில் பெரும் மலைத்தொடராக இருந்து தேய்ந்து, மலையின் வேர் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதன்மேல் பனியுகத்தில் கிலோமீற்றர்க் கணக்கில் தடித்த பனி ஊர்ந்து போனது. மேலே இருந்த மண்ணையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டது. அம்மிக்கல்லைப் போல மழமழவென்று தேய்ந்த பாறையைத்தான் இன்று பார்க்கிறோம்.

படகோட்டிக்கு இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். முதலாவது, தீவுகள் தண்ணீர்மட்டத்தோடு முடிவதில்லை. மேலே தெரியும் மேடுகளைப் போலவே தண்ணீருக்குக் கீழேயும் மேடுகள் உண்டு. நம் மீனவர் இவற்றைப் ‘பார்’ என்பார்கள். முப்பதாயிரம் என்று எண்ணியது தலைகாட்டும் பாறைகளைத்தான். அரையடி ஆழத்தில் மறைந்திருப்பவை அந்தக் கணக்கில் இல்லை. இருபது மீற்றர் ஆழம் காட்டிக்கொண்டிருக்கும் கருவி, இரண்டு படகு நீளத்துக்குள் இரண்டு மீற்றர் என்று காட்டும். மணல் கடலில் ஆழம் படிப்படியாகக் குறைந்து முன்னெச்சரிக்கை தரும். இங்கே அப்படித் தராது.

இரண்டாவது, நங்கூரம் புதைய மண் எல்லா இடத்திலும் கிடையாது. மழமழப்பான பாறைமேல் நங்கூரம் சறுக்கும். இல்லையென்றால் வெடிப்புக்குள் போய் இறுகி, காலையில் எடுக்கவே முடியாமல் போகும். மண் எங்கே சேரும்? பனியும் அலையும் வழித்த மண், அமைதியான மூலைகளில் போய்ப் படிந்திருக்கிறது: தீவுகளுக்கு நடுவே ஒடுங்கிய குடாக்களின் உள்முனையில், சிற்றோடை வந்து சேரும் இடங்களில், நாணல் வளர்ந்திருக்கும் கரைக்கு முன்னால். அங்கே கரும்சாம்பல் நிறத்தில் களிமண் கிடைக்கும். நங்கூரத்துக்கு அதைவிட நல்ல படுக்கை இல்லை.

வரைபடமும் கண்ணும்

1882 செப்டெம்பர் 14ஆம் திகதி ‘ஏசியா’ என்ற நீராவிக் கப்பல் இந்த வளைகுடாவில் புயலில் மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தப்பிக் கரைசேர்ந்தவர்கள் இரண்டே பேர், இருவரும் பதின்வயதினர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘வாபுனோ’ என்ற துடுப்புச் சக்கரக் கப்பல் நவம்பர்ப் புயலில் ஆளோடு அழிந்தது. அதில் இருந்த ஒருவர்கூடத் தப்பவில்லை. அதன் நங்கூரத்தைப் பாரி சவுண்ட் ஊரில் கரையோரம் வைத்திருக்கிறார்கள். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். ஏசியா விபத்துக்கு அடுத்த ஆண்டு, 1883இல், போல்டன் என்ற கடற்படை அதிகாரியின் தலைமையில் இந்தக் கரையை முறையாக அளக்கத் தொடங்கினார்கள். கனடாவின் நீரளவைத் துறை அங்கிருந்து வளர்ந்ததுதான்.

அந்த வேலையின் பயனைத்தான் இன்று நாம் கையில் விரித்து வைத்துக்கொள்கிறோம். தென்முனையில் உள்ள போர்ட் செவர்னிலிருந்து வடக்கே கிலார்னி வரை, தீவுகளுக்கு உள்ளாக வளைந்து போகும் சிறுபடகுப் பாதை ஒன்று உண்டு. சிவப்பு, பச்சை மிதவைகளால் குறியிட்டிருப்பார்கள். வட அமெரிக்காவில் கரை நோக்கி, அதாவது மேல்நீர்த் திசையில் போகும்போது சிவப்பு நம் வலக்கைப் பக்கம் வர வேண்டும். எது மேல்நீர்த் திசை என்ற சந்தேகம் தீவுகளுக்குள் அடிக்கடி வரும். வரைபடத்தைப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும், ஊகிக்கக் கூடாது. தண்ணீருக்குள் மறைந்த பாறையைக் கூட்டல் குறி காட்டும். மட்டம் இறங்கினால் தலைகாட்டும் பாறையை நட்சத்திரக் குறி காட்டும். அடித்தரை சேறா, மணலா, பாறையா என்பதற்கும் எழுத்துக் குறிகள் உண்டு. புதிதாக வருபவர்கள் ஆழத்தை மட்டும் பார்த்துவிட்டு இந்தச் சின்ன எழுத்துகளைக் கவனிக்காமல் விடுவார்கள். இரவு எப்படிப் போகும் என்பதை அந்த எழுத்துத்தான் சொல்கிறது.

வரைபடத்து ஆழத்தைப் பற்றி ஒன்று. அது இன்றைய ஆழம் அல்ல. கடல்மட்டத்திலிருந்து 176 மீற்றர் உயரத்தில் ஒரு கற்பனைத் தளத்தை வைத்துக்கொண்டு, அதிலிருந்து அளந்த ஆழம். ஏரியின் மட்டம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். 1986 ஒக்டோபரில் அந்தத் தளத்துக்கு ஒன்றரை மீற்றர் மேலே நின்றது. 2013 ஜனவரியில் அதற்குக் கீழே நாற்பது சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கிவிட்டது. வரைபடத்தில் ஒரு மீற்றர் ஆழம் என்று போட்ட அதே பாறைக்கு மேல் ஒரு காலத்தில் இரண்டரை மீற்றர் தண்ணீர், இன்னொரு காலத்தில் முழங்கால் தண்ணீர். ‘போன முறை இந்த வழியாகப் போனோம், ஒன்றும் ஆகவில்லை’ என்ற பேச்சு இங்கே செல்லாது. புறப்படுமுன் இன்றைய மட்டம் என்ன என்று பார்த்து, வித்தியாசத்தைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும்.

குறியிட்ட பாதையை விட்டு விலகித் தீவுகளுக்குள் நுழைந்தால் அளவீடுகள் ஐதாகிவிடும். அப்போது கண்தான் துணை. சூரியன் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கும் நேரமாகப் பார்த்து, காலை பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில் நுழைவது நல்லது. கூச்சத்தை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடி ஒன்று கட்டாயம். ஒருவர் அணியத்தில், அதாவது படகின் முன்நுனியில், எழுந்து நிற்க வேண்டும். தண்ணீர் கருநீலமாக இருந்தால் ஆழம். பச்சையாக மாறினால் கவனம். தேன் நிறம் தெரிந்தால் பாறை, உடனே நிறுத்த வேண்டும். ஆனால் பிரெஞ்சு ஆறு வந்து விழும் பகுதியில் காட்டு இலைச் சாறு கலந்து தண்ணீரே வெறுந்தேநீர் நிறத்தில் இருக்கும். அங்கே கண்ணும் பாதிதான் உதவும். நடக்கிற வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து போவதைத் தவிர வேறு வழியில்லை.

இன்றைய காற்றா, நாளைய காற்றா

எங்கள் ஊர்க் கடலோடிகளுக்கு ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் பெயர் உண்டு. தென்மேற்கிலிருந்து வந்தால் சோளகம், மேற்கிலிருந்து வந்தால் கச்சான், வடக்கிலிருந்து வந்தால் வாடை. ஜோர்ஜியன் வளைகுடாவின் கோடைக்காலத்தை இந்தச் சொற்களிலேயே சொல்லிவிடலாம். நல்ல நாட்களில் பிற்பகலில் சோளகம், கச்சான். குளிர்க்காற்று முகப்பு ஒன்று கடந்து போகும்போது, ஒரு மணி நேரத்துக்குள் காற்று வடமேற்குக்குத் திரும்பி, வேகமும் இரண்டு மடங்காகும். வெட்டவெளித் தீவுகளில் பைன் மரங்கள் எல்லாம் கிழக்கு நோக்கிச் சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் மேல்காற்று எவ்வளவு பலமானது என்று தெரியும்.

காற்று தடையில்லாமல் தண்ணீர்மேல் ஓடும் தூரம் கூடக் கூட அலை பெரிதாகும். மேற்கே புரூஸ் தீபகற்பத்திலிருந்து இந்தக் கரைக்கு எண்பது கிலோமீற்றர் அளவுக்குத் திறந்த தண்ணீர். பெருங்கடலின் நீண்ட உருண்ட அலையைப் போலன்றி, ஏரி அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வந்து படகை அறையும். ஆகவே நங்கூரம் பாய்ச்சும் இடத்துக்கும் அந்த மேற்குத் திறந்தவெளிக்கும் நடுவே ஒரு தீவாவது இருக்க வேண்டும்.

இங்கேதான் தொடக்கத்தில் எல்லாரும் தவறுகிறார்கள். நானும் தவறினேன். மாலை ஐந்து மணிக்கு ஒரு குடாவுக்குள் நுழைகிறோம். காற்றே இல்லை, தண்ணீர் கண்ணாடி. ‘இதைவிட நல்ல இடம் வேண்டுமா’ என்று தோன்றும். அந்தக் குடா சோளகத்துக்கு மறைவு, சரி. அதிகாலை இரண்டு மணிக்கு வரப்போகும் வடமேற்குக் காற்றுக்கு அது வாயைத் திறந்துகொண்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கனடாவின் வானிலைத் துறை ஜோர்ஜியன் வளைகுடாவுக்கென்றே தனியாகக் கடல் வானிலை அறிக்கை தருகிறது. படகில் வைத்திருக்கும் விஎச்எஃப் என்ற சிற்றலை வானொலியில் நாள் முழுவதும் கேட்கலாம். கைத்தொலைபேசி அலை கிடைக்காத தீவுகளில் அந்த வானொலிதான் உயிர்நாடி. நங்கூரம் பாய்ச்சுமுன் கேட்க வேண்டியது நாளைக் காலை வரைக்குமான காற்றை.

கயிற்றுக் கணக்கு

நங்கூரத்தின் அலகு மண்ணுக்குள் புதைய வேண்டுமானால், அதை இழுக்கும் விசை தரையோடு தரையாக, கிடையாக வர வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் அலகு மண்ணைக் கிளப்பிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஏர் உழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு முன்னால் இழுக்கக் கொழு மண்ணுக்குள் இறங்குகிறது. ஏரை மேலே தூக்கினால் உழாது. ஏர்க்கொழு வடிவத்திலேயே ஒருவகை நங்கூரம் உண்டு. தட்டையான இரண்டு அலகு கொண்டது, மண்வெட்டி போலக் குழிந்தது என்று வேறு வகைகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் விதி ஒன்றுதான்.

விசை கிடையாக வரக் கயிறு நீளமாக இருக்க வேண்டும். முழுவதும் சங்கிலி என்றால் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு. கொஞ்சம் சங்கிலியும் மிச்சம் கயிறும் என்றால் ஏழு மடங்கு. ஆழம் என்றால் தண்ணீரின் ஆழம் மட்டுமல்ல. தண்ணீரிலிருந்து அணியத்தின் உயரத்தையும் கூட்ட வேண்டும். நான்கு மீற்றர் ஆழம், அணியம் ஒரு மீற்றர் உயரம். மொத்தம் ஐந்து. சங்கிலி என்றால் இருபத்தைந்து மீற்றர், கயிறு என்றால் முப்பத்தைந்து. நம் மீனவர் ஆழத்தைப் ‘பாகம்’ என்று, இரு கைகளையும் விரித்த நீளத்தால் அளப்பார்கள். நான் இன்றும் கயிற்றைக் கையால் இழுத்து விடும்போது பாகக் கணக்கில்தான் எண்ணுகிறேன்.

நான் தொழில் கற்றுக்கொண்டது ஓர் அண்ணையிடம். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர், இங்கே முப்பது வருடமாகப் படகு வைத்திருப்பவர். நான் கயிற்றை விட்டுவிட்டு நிமிரும்போதெல்லாம் பின்னாலிருந்து அவர் குரல் வரும். “காணாது தம்பி, இன்னும் விடு.” காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதை அவர் பௌதிகப் பாடமாகச் சொல்லவில்லை. கயிற்றை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பத்து நொட் (மணிக்குப் பத்துக் கடல்மைல்) காற்றில் பிடித்து நின்றேன். இருபது நொட்டில் கயிறு என்னை இழுத்துக்கொண்டு போனது.

போட்ட பிறகு புதைந்ததா என்று சோதிக்க வேண்டும். எஞ்சினைப் பின்னோக்கி மெல்ல ஓடவிட்டுக் கயிறு இறுகியதும் வேகத்தைக் கூட்டி அரை நிமிடம் பிடித்து வைப்பது வழக்கம். அந்த நேரத்தில் சங்கிலிமேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நங்கூரம் களியில் இறங்கியிருந்தால் சங்கிலி கம்பிபோல அசையாமல் நிற்கும். பாறைமேல் இழுபட்டால் ஆட்டுக்கல் சுற்றுவதுபோல் ஒரு கரகரப்பு கையில் ஏறும். ஒருமுறை உணர்ந்தால் மறக்காது. இருட்டிலும் தெரியும்.

கரைக்கு ஒரு கயிறு

இப்போது கணக்கைத் தொடர்வோம். இருபத்தைந்து மீற்றர் சங்கிலி, ஒன்பது மீற்றர் படகு. காற்று திசை மாறினால் படகு நங்கூரத்தைச் சுற்றி வட்டமடிக்கும். அந்த வட்டத்தின் ஆரம் முப்பத்துநான்கு மீற்றர். குறுக்களவு எழுபதுக்குக் கிட்ட. நல்ல சேறுள்ள பல குடாக்களின் மொத்த அகலமே ஐம்பது அறுபது மீற்றர்தான். கயிற்றைக் குறைத்தால் பிடி போய்விடும். குறைக்காவிட்டால் படகின் பின்பக்கம் பாறையில் மோதும்.

இதற்கு இந்தத் தீவுகளில் காலங்காலமாகச் செய்துவரும் தீர்வு, கரையில் கட்டுவது. நடுக்குடாவில் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பின்னோக்கிக் கரைக்கு அருகே வந்து, ஒருவர் சின்ன வள்ளத்தில் கயிற்றோடு போய் ஒரு பெரிய மரத்தையோ பாறை முனையையோ சுற்றி, கயிற்றின் நுனியைத் திரும்பப் படகுக்கே கொண்டுவந்து கட்ட வேண்டும். கரையில் முடிச்சுப் போட்டுவிட்டு வரக் கூடாது. நள்ளிரவில் அவசரமாகக் கிளம்ப வேண்டி வந்தால், படகில் இருந்தபடியே ஒரு நுனியை விட்டு மறுநுனியை இழுத்தால் கயிறு கைக்கு வந்துவிட வேண்டும். கயிறு தண்ணீரில் மிதக்கும் வகையாக இருக்கட்டும். மூழ்கும் கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். மஞ்சளோ செம்மஞ்சளோ நிறமாக இருந்தால், குறுக்கே கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் வருபவருக்கும் தெரியும்.

இதற்கு நேர்மாறாகவும் செய்யலாம். பனி ஒருபக்கமாகத் தேய்த்துச் சரிவாக்கி, மறுபக்கம் பிடுங்கிச் செங்குத்தாக்கிய தீவுகள் பல இருக்கின்றன. செங்குத்தான பக்கத்தில் பாறையோரம்வரை ஆழம் இருக்கும். சிறிய படகுகள் பின்பக்க நங்கூரத்தைப் போட்டுவிட்டு, அணியத்தைப் பாறையருகே கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள். காலை எழுந்ததும் ஒரு எட்டில் தீவில் கால் வைக்கலாம். அழகான ஏற்பாடு. ஆனால் படகு பாறையை நெருங்கும்போது கையாலோ காலாலோ தள்ளி நிறுத்தப் போகாதீர்கள். நான்கு தொன் மெதுவாக வந்தாலும் எலும்பை நொறுக்கும்.

கரையில் கட்டிய படகைப் பற்றி எனக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. நங்கூரத்தில் மட்டும் நிற்கும் படகு காற்றுக்கு முகம் கொடுத்துத் திரும்பிக்கொள்ளும். இரு பக்கமும் கட்டிய படகு திரும்ப முடியாது. காற்று பக்கவாட்டில் அடித்தால் அகலமான உடல் முழுவதும் அதை வாங்கிக்கொண்டு நிற்கும். ஆகவே வானிலை அறிக்கையில் காற்று பலமாகத் திரும்பும் என்றிருந்தால், இடுக்கான குடாவின் அழகை விட்டுவிட்டு, அகலமான சேற்றுத் தரையில் நீண்ட கயிற்றோடு தனி நங்கூரத்தில் நிற்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

மரத்தில் கட்டுவதிலும் ஒரு கவனம் வேண்டும். பாறையின் வெடிப்பில் ஒரு பிடி மண்ணைப் பற்றிக்கொண்டு நூறு வருடம் நின்ற மரம் அது. கயிறு இரவு முழுக்க உரசினால் பட்டை உரிந்துவிடும். அகலமான பட்டியைச் சுற்றி அதில் கயிற்றைக் கோர்த்தால் மரத்துக்கு நோகாது. சிறிய மரங்களை விட்டுவிடுங்கள்.

ஒரு இரவு

பிங் இன்லெட்டுக்கு வடக்கே ஒரு குடாவில், ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், மூன்று பேர் இருந்தோம். மாலையில் நங்கூரத்தைப் போட்டது நான். பின்னோக்கி இழுத்துப் பார்த்தேன், பிடித்தது. சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுப் படுத்தோம். அதிகாலை இரண்டு மணியளவில் என்னை எழுப்பியது ஒரு சத்தம். சரியாகச் சொன்னால், சத்தம் மாறியது. அதுவரை தண்ணீர் அணியத்தில் தட்டிக்கொண்டிருந்தது. இப்போது பக்கவாட்டில், என் காதுக்கு நேரே பலகைக்கு அந்தப்புறம் தட்டியது. படகு காற்றுக்கு முகம் கொடுக்கவில்லை என்றால் நங்கூரம் அதைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

மேலே ஓடிப் பார்த்தேன். மாலையில் ஒரு ஒற்றைப் பைன் மரத்தையும் அதற்குப் பின்னால் வெளுத்த பாறை வெடிப்பையும் ஒரே நேர்கோட்டில் வைத்து அடையாளம் பார்த்திருந்தோம். டோர்ச் வெளிச்சத்தில் இரண்டும் தள்ளித் தள்ளித் தெரிந்தன. இழுபடுகிறோம். அண்ணை எஞ்சினை முடுக்கினார். நான் அணியத்துக்குப் போய்ச் சங்கிலியை இழுத்தேன். வந்தது நங்கூரம் என்று சொல்ல முடியாது. வைக்கோல் கட்டு அளவுக்கு நீர்த்தாவரம் சுற்றிய ஒரு உருண்டை. தரை சேறுதான், ஆனால் அதன்மேல் பாய் விரித்ததுபோல் களை. நங்கூரம் களையின் வேரில் சிக்கி நின்றதை, மண்ணில் இறங்கியதாக நான் எடுத்துக்கொண்டேன். எஞ்சினின் மெல்லிய இழுவைக்கு வேர் தாங்கியது. வடமேற்குக் காற்றுக்குத் தாங்கவில்லை.

கத்தியால் களையை அறுத்து எறிந்து, குடாவின் உள்முனைக்குப் போய் மறுபடி போட்டோம். காற்றில் குரல் கேட்காது என்பதால் முன்பே பேசி வைத்த கைச்சைகைகளால் அணியத்திலிருந்து சுக்கானில் இருந்தவருக்குத் திசை காட்டினேன். இம்முறை எஞ்சினை முழுப் பலத்தோடு பின்னோக்கி விட்டோம். சங்கிலி கம்பியானது. விடியும்வரை ஆளுக்கு ஒரு மணி நேரம் விழித்திருந்தோம். காலையில் பாறையைப் பார்த்தால், ஈரக்கோடு தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நின்றது. இந்த ஏரியில் கண்ணுக்குத் தெரியும் வற்றுப்பெருக்கு இல்லை. ஆனால் பலத்த காற்று தண்ணீரை ஒரு கரைக்குத் தள்ளிக் குவிக்கும். காற்று விட்டதும் அது தொட்டித் தண்ணீர் அலம்புவதுபோல் மறுகரைக்குத் திரும்பும். அடித்தரைக்கும் படகுக்கும் நடுவே அரை மீற்றராவது கூடுதலாக விட்டு நிற்பது அதனால்தான்.

உப்பில்லாத தண்ணீர்

கடலில் நீந்திப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நன்னீர் கடல்நீரைவிட இரண்டரை வீதம் அடர்த்தி குறைந்தது. கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் ஊரில் மல்லாந்து படுத்து மிதந்தவர் இங்கே கால் கீழே போவதை உணர்வார். ஜூன் மாதத்தில் வெயில் சுட்டாலும் தண்ணீர் உடலை உறைய வைக்கும் குளிரோடு இருக்கும். மூச்சு ஒரு கணம் அடைத்துப்போகும். படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில் ஒரு உயிர்காப்பு அங்கி சட்டப்படி இருக்க வேண்டும். சின்ன வள்ளத்தில் கரைக்குப் போகும்போது அதை உடுத்திக்கொண்டே போங்கள். எஞ்சின் பூட்டிய படகை ஓட்டுபவருக்குக் கனடாவில் தகுதி அட்டை கட்டாயம். பரீட்சைக்குப் படித்தாலே இந்தக் கட்டுரையில் சொல்லாத பல விதிகள் தெரிந்துவிடும். இரவில் நங்கூரத்தில் நிற்கும் படகு, எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்றை உயரத்தில் எரியவிட வேண்டும். கழிவறைத் தண்ணீரை ஏரியில் விடுவது குற்றம். தொட்டியில் சேர்த்து, படகுத்துறையில் உறிஞ்சி எடுக்கக் கொடுக்க வேண்டும். பக்கத்துக் குடாவில் யாரோ அந்தத் தண்ணீரைக் காய்ச்சித் தேநீர் போட்டுக்கொண்டிருப்பார்.

தீவில் இறங்கும்போது சப்பாத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவின் ஒரே நச்சுப்பாம்பான மஸசோகா கிலுகிலுப்பைப் பாம்பு இந்தக் கரையில்தான் அதிகம் மிஞ்சியிருக்கிறது. அழியும் ஆபத்தில் இருக்கும், கூச்சமுள்ள பிராணி. மிதிக்காமல் இருந்தால் அதன் வழியில் போய்விடும். வெறும் பாறைமேல் நெருப்பு மூட்டாதீர்கள். சூட்டில் கருங்கல் செதில் செதிலாக வெடிக்கும், அந்தத் தழும்பு என்றைக்கும் ஆறாது. எல்லாத் தீவும் பொதுவிடம் அல்ல. சில தனியாருடையவை, சில தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, சில ஆதிக்குடிகளின் நிலம். அவர்களிடம் அனுமதி கேட்காமல் அங்கே கரையேறக் கூடாது.

முதன்முறை போகிறவர்கள் வடக்கே ஓட வேண்டாம். தென்முனையில் போசொலெய் தீவைச் சுற்றி, 1929இல் அமைந்த தேசியப் பூங்காவுக்குள், சேற்றுத்தரையுள்ள மறைவான குடாக்கள் இருக்கின்றன. உதவிக்கு ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்கும். பகலில் ஒரு முறை போட்டு, எடுத்து, வேறிடத்தில் மறுபடி போட்டுப் பாருங்கள். ஐந்து முறை செய்தால் கை பழகிவிடும்.

எடுக்கும் வேலை சுலபம். எஞ்சினை மெல்ல முன்னோக்கி விட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே போய், நங்கூரத்துக்கு நேர் மேலே வந்ததும் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். கிடையாக இழுத்தபோது புதைந்தது, செங்குத்தாக இழுக்கும்போது தானாகவே தளரும். மேலே வரும்போது அலகில் ஒட்டியிருப்பதைக் கழுவுமுன் விரலால் தொட்டுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், உருட்டினால் உருளும் களியாக இருந்தால், வரைபடத்தில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டுக் கிளம்பலாம்.